ஜெயித்த தீர்ப்பின் நடுப்பக்கங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. வட மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் புன்செய் இருந்தது. 2017இல் தொழிற்பேட்டைக்கு என்று அரசு எடுத்தது. ஊர்க்காரர்களோடு சேர்ந்து நாங்களும் ஹைகோர்ட்டில் ரிட் போட்டோம். 2019இல் ‘எடுத்தது செல்லாது’ என்று தீர்ப்பு வந்தபோது ஊரே வெடி வெடித்தது. அதே மாதம் அரசு ஒரு சட்டம் போட்டது. 2021இல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. போன மாதம் நஷ்டஈட்டு அவார்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பணத்தை இன்னும் வாங்கவில்லை. கோர்ட் சொன்னதைச் சட்டசபை அழிக்க முடியும் என்றால் நாங்கள் எதற்காகக் கோர்ட்டுக்குப் போனோம்? இது கோர்ட் அவமதிப்பு ஆகாதா? ஜல்லிக்கட்டுக்கும் இப்படித்தானே செய்தார்கள் என்கிறான் என் மகன். நிலம் திரும்பக் கிடைக்க வழி உண்டா? வக்கீல் ஃபீஸுக்கு என்ன செய்வது என்றும் கவலையாக இருக்கிறது. — ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகன் ஜல்லிக்கட்டை இழுத்தது சரியான இடம். அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அதோடு முல்லைப்பெரியாறையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2014 மே 7. உச்ச நீதிமன்றத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்று ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. இன்னொன்று முல்லைப்பெரியாறு வழக்கில் கேரளம் போட்டிருந்த சட்டத்தைச் செல்லாது என்றது. ஒன்றில் தோற்றோம், ஒன்றில் ஜெயித்தோம் என்று அன்றைக்குப் பேசிக்கொண்டோம். உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டும் அப்புறம் போன வழியில் இருக்கிறது.

முதலில் அணை. 136 அடியாக இருந்த நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபுணர்களின் அறிக்கைகளைப் பார்த்து, இரண்டு மாநிலங்களின் வாதத்தையும் கேட்டு, அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று முடிவுக்கு வந்து சொன்ன தீர்ப்பு அது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தியது. ஆபத்தான அணைகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் முல்லைப்பெரியாறைச் சேர்த்து, 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டது. தமிழ்நாடு வழக்குப் போட்டது. 2014இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தத்தைத் தள்ளியது. அணை பாதுகாப்பானதா என்பது சாட்சியங்களை எடைபோட்டு நீதிமன்றம் கண்டறிந்த உண்மை. அந்த உண்மையைச் சட்டம் போட்டு ஒரு சட்டமன்றம் மாற்ற முடியாது என்பதுதான் காரணம்.

இப்போது காளை. 2014இல் தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் ஏன் விழுந்தது? மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிற விஷயம். நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டம் நிற்கும். அதற்கு ஒரு விலக்கு உண்டு. அரசியல் சாசனத்தின் 254(2) பிரிவின்படி, மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டால் அந்த மாநிலத்துக்குள் அதுதான் செல்லும். 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தோடு 2009 சட்டம் மோதியது, அதனால் விழுந்தது. 2017 ஜனவரியில், மெரினாவில் கூட்டம் கலையாத அந்த நாட்களில், தமிழ்நாடு வேறு விதமாகப் போனது. தனிச் சட்டம் போடாமல் அந்த 1960 சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கி, போட்டியை எப்படி நடத்த வேண்டும் என்று விதிகளும் வகுத்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2014 தீர்ப்பு சுட்டிக்காட்டிய குறைகள் திருத்தத்தாலும் விதிகளாலும் சரிசெய்யப்பட்டுவிட்டன என்றார்கள். அதாவது 2014 தீர்ப்பு தவறு என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு நின்றிருந்த தரையே மாறிவிட்டது.

இரண்டு மாநிலமும் தீர்ப்புக்குப் பிறகு சட்டம் போட்டன. ஒரு சட்டம் விழுந்தது, ஒன்று நின்றது. இதற்கு எங்கள் வக்கீல் தொழிலில் ஓர் அளவுகோல் உண்டு, ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. குஜராத்தில் பரூச் நகராட்சி, மில்களின் நிலம், கட்டடங்களுக்கு மூலதன மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வரி போட்டது. சட்டத்தில் இருந்த ‘ரேட்’ என்ற சொல்லோ ஆண்டு வாடகை மதிப்பை வைத்துப் போடும் வரியைத்தான் குறிக்கும் என்று, அகமதாபாத் நகராட்சியின் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1963இல் முடிவு செய்திருந்தது. குஜராத் சட்டமன்றம் உடனே, மூலதன மதிப்பின் மேலும் போடலாம், இதற்கு முன் போட்டதும் அப்படிப் போட்டதாகவே கருதப்படும் என்று சட்டம் கொண்டுவந்தது. மில்காரர்கள் வழக்காடினார்கள். பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கு என்று பெயர். 1969இல் தோற்றார்கள். அந்தத் தீர்ப்பில் சொன்னதை என் வார்த்தையில் சொன்னால் இவ்வளவுதான்: நீதிமன்றத்தின் முடிவு எப்போதும் கட்டுப்படுத்தும், ஆனால் மாறிப்போன நிலைமையில் அதே முடிவை எடுத்திருக்கவே முடியாது என்கிற அளவுக்கு, அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்த நிபந்தனைகளை மாற்றிவிட்டால் கட்டுப்படுத்தாது.

ஆகவே ஒரு புதுச் சட்டத்தைப் பார்த்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பழைய தீர்ப்பை எழுதிய நீதிபதியின் மேசையில் அன்றைக்கே இந்தப் புதுச் சட்டம் இருந்திருந்தால், அவர் அதே தீர்ப்பைத்தான் எழுதியிருப்பாரா? ‘ஆம்’ என்றால் புதுச் சட்டம் விழும். அது ஓட்டையை அடைக்காமல், நீதிமன்றத்தின் தலைக்கு மேல் உட்கார்ந்து அப்பீல் கேட்கிறது. ‘இல்லை’ என்றால் பெரும்பாலும் நிற்கும். காவிரியிலும் இதே கதை நடந்தது. நடுவர் மன்றம் 1991 ஜூனில் 205 டிஎம்சி தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. ஜூலையில் கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைத் தட்டிவிடப் பார்த்தது. நவம்பரில் அந்த அவசரச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். ‘எனக்கு இந்த உத்தரவு பிடிக்கவில்லை’ என்பது அவசரச் சட்டம் போடக் காரணம் ஆகாது. நம் ஊர் உதாரணமும் உண்டு. சமச்சீர் கல்வியைத் தள்ளிவைக்க 2011இல் தமிழ்நாடு போட்ட திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதை உச்ச நீதிமன்றம் அதே வருடம் ஆகஸ்ட் 9 அன்று உறுதி செய்தது. அப்போது மட்டும் நமக்கு நீதிமன்றத்தின் மேல் வந்த மரியாதை, ஜல்லிக்கட்டுத் தடை வந்தபோது ஏனோ காணாமல் போனது. சரி, அது வேறு கதை.

இனி உங்கள் வழக்கு. இத்தனை வருடத்தில் நான் பார்த்த கட்சிக்காரர்கள் எல்லாரும் தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார்கள். ‘மனு அனுமதிக்கப்படுகிறது’ என்று இருக்கிறதா, அவ்வளவுதான் வேண்டும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ப்பின் ஆயுளைச் சொல்வது நடுப்பக்கங்கள்தான்; ஏன் ஜெயித்தீர்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

நீங்கள் ஜெயித்த காரணம் இது. நிலமெடுப்பும் பொதுப் பட்டியலில்தான் வருகிறது. தமிழ்நாட்டுக்கு என்று மூன்று நிலமெடுப்புச் சட்டங்கள் இருந்தன. தொழில் நோக்கத்துக்கு 1997 சட்டம், நெடுஞ்சாலைக்கு 2001 சட்டம், ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு 1978 சட்டம். நாடாளுமன்றத்தின் புதிய நிலமெடுப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 2013 செப்டம்பர் 27 அன்று அரசிதழில் வெளியானது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மூன்று சட்டங்களையும் காப்பாற்ற, அந்த மத்தியச் சட்டத்தில் 105-ஏ என்று ஒரு பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. ஆனால் அதை 2014 ஜனவரி 1இலிருந்து என்று போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலை 3 அன்று பிடித்த இடம் இதுதான்: மத்தியச் சட்டம் 2013 செப்டம்பர் 27 அன்றே பிறந்துவிட்டது, உங்கள் மூன்று சட்டமும் அன்றைக்கே செத்துவிட்டன, செத்த சட்டத்துக்கு மூன்று மாதம் கழித்து மருந்து கொடுக்க முடியாது, வேண்டும் என்றால் புதிதாகவே இயற்றி ஒப்புதல் வாங்குங்கள். அதனால் அந்தத் தேதிக்குப் பிறகு அந்தச் சட்டங்களின்கீழ் எடுத்தவை, ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்ட நிலங்களைத் தவிர, ரத்தாயின.

அந்தத் தீர்ப்பு எதைப் பேசவில்லை என்றும் பார்க்க வேண்டும். உங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குத் தேவையா, விளைகிற நிலத்தை எடுத்தது நியாயமா, கேட்ட விலை சரியா என்பதை வைத்து நீங்கள் ஜெயிக்கவில்லை. ஜெயித்தது ஒரு தேதிக் கணக்கில்.

தேதிக் கணக்கில் விழுந்ததைத் தேதி போட்டே தூக்கி நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம் சொன்னபடியே மூன்று சட்டங்களையும் சட்டமன்றம் அந்த ஜூலையிலேயே மறுபடி இயற்றியது. 2019 டிசம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று எழுதினார்கள் தெரியுமா? 2013 செப்டம்பர் 26. மத்தியச் சட்டம் பிறந்ததற்கு ஒரு நாள் முன்பு. நடந்துமுடிந்த நிலமெடுப்புகளும் செல்லும் என்றும் சேர்த்தே எழுதினார்கள். அளவுகோலை வைத்துப் பாருங்கள். இந்தச் சட்டம் 2019 ஜூலை 3 அன்று அந்த நீதிபதிகளின் மேசையில் இருந்திருந்தால், ‘செத்த சட்டம்’ என்று எழுதியிருக்க முடியுமா? முடியாது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் சாராம்சத்தில் இதுதான்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் மனசு முழுதாக ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்தேதியிட்டுச் சட்டம் போடும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் 2013 மத்தியச் சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றமே, நிலத்தை எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், தனியார் நிறுவனத்துக்கு என்றால் 80 சதவீதம் பேரின் சம்மதமும் தனியார்–அரசு கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதம் பேரின் சம்மதமும் வேண்டும் என்பதுதான். அந்தக் காப்பு எதுவும் இல்லாத பழைய நடைமுறையை ஒப்புதல் ஒன்றை வைத்து உயிரோடு வைத்திருக்கலாம் என்பது சட்டப்படி சரி. 254(2) அதற்காகத்தான் இருக்கிறது. நிலத்தை இழந்தவரின் கண்ணுக்கு அது எப்படிப் படும் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. ஆனாலும் உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் அரசியல் சாசனத்தின் 141ஆம் பிரிவின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ‘எனக்கு மனசு ஒப்பவில்லை’ என்று நான் உங்கள் பெயரில் புது ரிட் போட்டால் ஃபீஸ் எனக்கு, தோல்வி உங்களுக்கு.

கோர்ட் அவமதிப்பு ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. ஓர் அதிகாரி தீர்ப்பைக் கிடப்பில் போட்டால் அவமதிப்பு வழக்குப் போடலாம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை, அது செல்லாது என்று எதிர்த்து வழக்குப் போடலாம். சட்டம் இயற்றியதையே அவமதிப்பு என்று சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 2025இல் மறுபடியும் இதைத் தெளிவாகச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு, எந்தத் தீர்ப்பையும் சட்டம் போட்டு ஒன்றுமில்லாமல் செய்துவிடலாம் போலிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களுக்கு 1974 ஒப்பந்தப்படி போனஸ் கொடுக்க வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1976 மே மாதம் உத்தரவிட்டது. நெருக்கடி நிலைக் காலம். சில நாட்களிலேயே நாடாளுமன்றம் அந்த ஒப்பந்தத்தை மாற்றி ஒரு சட்டம் போட்டது. 1978இல் ஏழு நீதிபதிகள் அந்தச் சட்டத்தைத் தள்ளி, தீர்ப்புப்படி பணத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று ஒரு சட்டம் விழுந்திருந்தாலும் அதே மாதிரிதான். அந்த மீறல் நீங்காமல் ‘செல்லும்’ என்று மட்டும் எழுதிவிட்டால் போதாது. நில விஷயத்தில் நமக்குப் பலவீனம் என்னவென்றால், சொத்துரிமை 1978இல் 44ஆவது திருத்தத்தோடு அடிப்படை உரிமைகளிலிருந்து வெளியே போய்விட்டது. 300-ஏ பிரிவில் அரசியல் சாசன உரிமையாக இருக்கிறது. சட்டத்தின் துணை இல்லாமல் எடுக்கக் கூடாது என்கிறது அது. சட்டம் இருந்தால்?

நிலம் திரும்பக் கிடைக்குமா? நேரடியாகச் சொல்கிறேன், பொதுவான காரணத்தை வைத்து இனிக் கிடைக்காது. ஐந்து வருடம் பயன்படுத்தாத நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2013 சட்டத்தின் 101ஆம் பிரிவைக் காட்டிச் சிலர் உங்களிடம் ஆசை காட்டலாம். அந்தப் பிரிவும்கூட, உரிமையாளரிடம் திருப்பலாம், இல்லை என்றால் அரசின் நில வங்கிக்குப் போகலாம் என்றுதான் சொல்கிறது. அதைவிட முக்கியம், உங்கள் நிலம் எடுக்கப்பட்டது 1997 சட்டத்தில். 105-ஏ பிரிவு மத்தியச் சட்டத்தைப் பொதுவாக விலக்கிவைத்துவிட்டு, நஷ்டஈடு, மறுவாழ்வு, மீள்குடியமர்வு பற்றிய பகுதிகளை மட்டும்தான் உள்ளே விடுகிறது.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் பழைய ரிட் மனுவை எடுத்துப் படியுங்கள். பொதுக் காரணத்தோடு, ‘எங்களுக்கு 3(2) நோட்டீஸே (நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று 1997 சட்டப்படி காரணம் கேட்கும் நோட்டீஸ்) வரவில்லை’, ‘ஆட்சேபணை கொடுத்தும் விசாரணை நடத்தவில்லை’, ‘சர்வே எண் தவறு’ என்று ஏதாவது எழுதியிருந்தீர்களா? ஒரு பெரிய காரணத்தில் மனு ஜெயித்துவிட்டால் நீதிமன்றம் மற்ற காரணங்களுக்குள் போகாமல் விட்டுவிடுவது வழக்கம். புதுச் சட்டம் அடைத்தது சட்டத்தில் இருந்த ஓட்டையை. உங்கள் ஃபைலில் இருக்கும் ஓட்டையை அல்ல. தனி வட்டாட்சியர் நிலமெடுப்பு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, நோட்டீஸ் யாரிடம் எந்தத் தேதியில் சார்வு செய்யப்பட்டது, ஆட்சேபணை விசாரணைக் குறிப்பு, நஷ்டஈடு கணக்கிட்ட தாள் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் உண்மையான குறை கிடைத்தால் மட்டும் ரிட் பற்றி யோசிக்கலாம். இவ்வளவு காலம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேள்வி வரும், அதற்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் உண்மையான சண்டை தொகையில்தான் இருக்கிறது. நஷ்டஈடு 2013 சட்டத்தின் முதல் அட்டவணைப்படி வர வேண்டும். வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலத்துக்கு மூன்று வருடத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை அதிகமான பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். கிராமப்புறம் என்றால் அதை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்க வேண்டும். கிணறு, மரம், மோட்டார் ரூம் மதிப்பைச் சேர்க்க வேண்டும். வரும் மொத்தத்துக்கு அதே அளவு, நூறு சதவீதம், ஆறுதல் தொகை கொடுக்க வேண்டும். இது போக, சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகையும் உண்டு. அவார்டில் இத்தனை வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த அவார்டுகளில் பெரிய தகராறு சராசரியில்தான் வரும். விலை அதிகமான பத்திரங்களை ‘வீட்டுமனை, ஒப்பிட முடியாது’ என்று ஒதுக்கிவிடுவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சுற்றுவட்டாரச் சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் ஒதுக்கப்பட்டவை எவை என்று தெரிந்துவிடும்.

பணத்தை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் ரசீதில் ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் தொகை கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ‘அப்புறம் எழுதிக்கலாம்மா’ என்று எழுத்தர் சொன்னால் கேட்காதீர்கள். தொகை போதாது என்று நீதிமன்றத்தின் முடிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை 1997 சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு, அது ஓட ஆரம்பித்துவிட்டது. இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்கள் முகவரிக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலைப்பட்டுக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 1987 சட்டப்படி பெண்கள் வருமானச் சான்று எதுவும் காட்டாமலேயே இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பட்டா உங்கள் பெயரில் இருந்தால் மனுவையும் உங்கள் பெயரிலேயே போடுங்கள், மகன் பெயரில் வேண்டாம். போகும்போது பட்டா, அடங்கல், 2019 தீர்ப்பின் சான்றிட்ட நகல், ரிட் மனு, அவார்டு நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அந்த நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுங்கள். நோட்டீஸ் உங்களுக்கு எந்தத் தேதியில் கிடைத்தது என்பதற்கு அதன் மேல் இருக்கிற தபால் முத்திரைத் தேதிதான் சாட்சி.